விவாத இழை: ஆராய்ச்சி மாணவர்களே, உங்கள் கோடை எப்படிப் போகிறது?

வெள்ளாற்றுக்காரி எழுதியது:

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதுமே உறவினர்களிடமிருந்து கேள்வி வந்துவிடும்: "உனக்கு எப்போது லீவு விடுகிறார்கள்?" பிஎச்.டி. படிப்பவளுக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் போல முழுக்கோடை லீவு கிடையாது என்பதை அம்மா புரிந்துகொண்டுவிட்டார். அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் ஆண்டுதோறும் புதிதாக விளக்க வேண்டியிருக்கிறது. "பாவம் பிள்ளை, வெயிலில் வாடுகிறது" என்று அவர்கள் உச்சுக்கொட்டும்போது மறுத்துச் சொல்லத் தோன்றுகிறது. ஏனென்றால் வருடம் முழுவதும் நான் காத்திருப்பதே இந்தக் கோடைக்காகத்தான்.

பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறேன். வெள்ளாறு கடலில் கலக்கும் கழிமுகம் விடுதியிலிருந்து நடக்கும் தூரம். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் இறங்கும்போது ஆறு நன்னீராகிக் கலங்கிக் கிடக்கும். கோடையில் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி ஆற்றில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் வராது. கடல் உள்ளே ஏறிக்கொள்ளும். உப்புமானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் ஆயிரத்துக்கு 35ஐ ஒட்டி நிற்கும், அதாவது கடல்நீரேதான். அந்த நாட்களில் தண்ணீர் வற்றியதும் வெளிப்படும் சேற்றுத் திட்டுகளில்தான் என் ஆட்கள் மேலே வருகிறார்கள்.

ஆட்கள் என்றால் பிடில் நண்டுகள். முதுகு ஒரு ரூபாய் நாணயத்தின் அளவைத் தாண்டாது. வளையின் வாயில் முதலில் இரண்டு கண்காம்புகள் மட்டும் நிமிரும். சற்று நேரம் அப்படியே பார்த்துவிட்டு, ஆபத்தில்லை என்று தெரிந்தால் உடல் பக்கவாட்டில் வெளியே நழுவும். பெண்ணுக்கு இரண்டும் சிறிய கொடுக்குகள். ஆணுக்கு ஒன்று சிறியது, மற்றது பிரமாண்டமானது. இனத்தைப் பொறுத்து உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைகூட அந்த ஒரு கொடுக்கே இருக்கும். அதை வைத்துச் சாப்பிட முடியாது. எனவே ஆண் நண்டு சிறிய கையால் மட்டும் சேற்றைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைக்கிறது, பாசியை வடித்துக்கொண்டு மிச்சத்தைச் சின்னஞ்சிறு உருண்டையாகக் கீழே போடுகிறது. பெரிய கையை வைத்திருப்பது சண்டைக்கும் கல்யாணத்துக்கும்.

ஒரு பெண் நண்டு அந்தப் பக்கமாக நடந்து போனால் போதும். சுற்றிலும் உள்ள ஆண்கள் அத்தனை பேரும் கொடுக்கை உயர்த்தி இறக்கத் தொடங்கிவிடுவார்கள், அதுவும் ஏறத்தாழ ஒரே தாளத்தில். இதன் நெருங்கிய உறவான ஓர் இனத்தை ஆப்பிரிக்கக் கரையில் பார்த்தவர்கள் 1998-ல் இதை எழுதினார்கள். கூட்டத்தில் ஒரு கணம் முந்திக் கையை உயர்த்துபவனைத்தான் பெண்கள் விரும்புகின்றன என்பதும் அதில் உண்டு. ஒவ்வொருவனும் முந்தப் பார்க்கிறான், அதனால்தான் எல்லாரும் சேர்ந்து உயர்த்துவதுபோல் ஆகிவிடுகிறது. என் கேள்வி அதிலிருந்து பிறந்தது: நம் கத்திரி வெயிலில் அந்தத் தாளம் என்ன ஆகிறது? சேறு சூடேற ஏற ஆண்கள் வேகமாகக் கை காட்டுகிறார்களா, அல்லது களைத்து வளைக்குள் போய்விடுகிறார்களா? சேற்றின் மேல் உள்ளங்கையை வைக்க முடியாத நேரத்திலும் வளைக்குள் விரலை விட்டால் குளிர்கிறது. எத்தனை முறை அந்தக் குளிர்ச்சிக்குள் இறங்கி எழுந்து வந்து மறுபடியும் கை காட்டுகிறான் என்பதை எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே என் கோடை.

ஓதம், அதாவது கடல் ஏறி வற்றும் நேரம், நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். என் நாளும் கூடவே தள்ளிப்போகும். இன்று பத்து மணிக்கு வற்றினால் சில நாளில் அது மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நிற்கும். மெஸ்ஸில் சமைக்கும் அக்கா இப்போதெல்லாம் காலையிலேயே கேட்டுவிடுகிறார்: "இன்றைக்கு நண்டு எத்தனை மணிக்கு?" அதற்கேற்ப எனக்கு மோர்சாதமும் மாவடுவும் தனியாக எடுத்து மூடி வைக்கிறார். அந்த மாவடுவுக்காகவே ஒரு ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையில் அவர் பெயரைப் போட வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

பள்ளி விடுமுறை என்பதால் ஊர்ப் பிள்ளைகள் என்னோடு வந்துவிடுகிறார்கள். நண்டு கையை அசைப்பதைப் பார்த்து "டாட்டா காட்டுகிறது" என்று ஒரு பையன் சொன்னான். "இல்லையடா, வா வா என்று கூப்பிடுகிறது" என்று அவனுடைய தங்கை திருத்தினாள். என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை அந்தப் பெண் ஒரே வரியில் சொல்லிவிட்டாள்.

மாலையில் கடற்காற்று வந்த பிறகு கணினி முன்னால் உட்கார்ந்து ஒளிப்பதிவை ஓட்டி ஓட்டிக் கைவீச்சுகளை எண்ணுகிறேன். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் கோடுகள் வரைகிறேன். இரவு மொட்டை மாடியில் பாய் விரிப்போம்.

மற்றவர்கள் கோடை எப்படி? சேறு, ஆய்வகம், நூலகம், எதுவானாலும் எழுதுங்கள்.

காரைக்குடி வேதியியல் எழுதியது:

அக்கா, உங்களுக்குக் கத்திரி வெயில், எனக்கு மார்கழி. என் நாள் முழுவதும் என்.எம்.ஆர். அறையில் போகிறது, மூலக்கூறுகளின் அமைப்பைக் காந்தத்தை வைத்துக் கண்டறியும் இயந்திரம் அது. அந்தக் காந்தத்தைச் சுற்றித் திரவ ஹீலியம் மைனஸ் 269 டிகிரியில் இருக்கிறது. அறையையும் சீரான குளிர்ச்சியில் வைக்க வேண்டும், ஏனென்றால் வெப்பநிலை சற்று ஆடினாலும் அளவீடு ஆடும். செட்டிநாட்டு மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை செய்பவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். வெளியே வந்து இளநீர்க்காரரிடம் நிற்கும்போது அதைக் கழற்ற மறந்துவிட்டால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார், காய்ச்சலா என்று.

கோடையில் இயந்திரத்துக்குக் கூட்டம் குறைவு. மற்ற மாதங்களில் முன்பதிவுக்குக் காத்துக்கிடக்கும் நேரம் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. இரவு முழுவதும் ஓட வேண்டிய அளவீட்டையெல்லாம் கோடைக்கென்று சேர்த்து வைத்திருந்தேன். உங்கள் சந்தோஷம் எனக்குப் புரிகிறது.

மாம்பலம் தாத்தா எழுதியது:

அம்மா, நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். பேத்தி ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள், அதனால் படித்துக்கொண்டு வருகிறேன். தவறாக எடுத்துக்கொள்ளாதே. நண்டு கை காட்டுவதைத் தெரிந்துகொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? அரசு பணம் கொடுக்கிறதே, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகைகூட 2023-ல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது என்று படித்தேன். மக்கள் கேட்டால் என்ன பதில்?

வெள்ளாற்றுக்காரி எழுதியது:

தாத்தா, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. வரிப்பணத்தில் படிப்பவளிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

கழிமுகச் சேற்றில் மேலே ஒரு மெல்லிய அடுக்கைத் தவிரக் கீழே காற்று கிடையாது. தோண்டினால் கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை வாடை வரும். நண்டு வளை தோண்டும்போது கீழ்ச்சேறு மேலே வருகிறது, காற்றும் ஓதநீரும் உள்ளே போகின்றன. கண்டல் (அலையாத்தி) செடியின் வேருக்கு அது உயிர். அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் உவர்ச் சதுப்பு ஒன்றில் பிடில் நண்டுகளை அப்புறப்படுத்திப் பார்த்தார்கள். ஒரே பருவத்தில் அங்கே புல்லின் விளைச்சல் ஏறத்தாழ பாதியாக விழுந்தது. 1985-ல் வெளியான சோதனை அது. இன்றும் சதுப்பு நிலம் பற்றிய பாடங்களில் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இங்கே பிச்சாவரத்தில் கண்டல் காட்டை முன்பு கூப்பு முறையில் பட்டை பட்டையாக வெட்டினார்கள். வெட்டிய இடம் அமிழ்ந்து பள்ளமாகி, ஓதநீர் உள்ளே வந்து தேங்கி, கோடையில் ஆவியாகி உப்பு மட்டும் மிஞ்சியது. அந்த உப்பில் எதுவும் முளைக்கவில்லை. பிறகு மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதம் போய்வர வழி செய்த பிறகுதான் கன்றுகள் பிடித்தன. இந்தக் கரைக்குக் கோடை என்றால் சோதனைக்காலம். வெயில் இன்னும் ஏறும் என்கிறார்கள். அந்த வெயிலில் நண்டு எவ்வளவு நேரம் வளைக்குள் அடங்கும், எவ்வளவு நேரம் வெளியே வேலை செய்யும், அடுத்த தலைமுறையை உண்டாக்குமா என்பது காட்டுக்கும் சேர்த்த கேள்வி.

அதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயன் எதுவும் இல்லாவிட்டாலும் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். பேத்தியிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

கிள்ளைப் பெண் எழுதியது:

நான் கிள்ளை. எங்கள் வீட்டு ஆட்கள் முடசல்ஓடையில் விசைப்படகில் போகிறவர்கள். வெள்ளாற்று அக்கா கோடையைச் சொல்லிவிட்டுத் தடைக்காலத்தை விட்டுவிட்டார்களே! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. 2017-க்கு முன்னால் அது 45 நாளாக இருந்தது. மீன் முட்டையிடும் காலம் என்று சொல்கிறார்கள். அந்த நாட்களில் அப்பாவும் சித்தப்பாவும் புன்னை நிழலில் உட்கார்ந்து வலை முடிவார்கள். படகைக் கரையேற்றிப் பலகை பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது எல்லாம் இப்போதுதான். பார்க்கிறவர்களுக்கு ஓய்வுபோல் தெரியும், வருமானம் நின்ற காலம் அது. சிறிய நாட்டுப் படகுகள் கரையோரம் போய்வருவதால் வீட்டுக் குழம்புக்கு மீன் கிடைக்கிறது.

உப்பங்கழியில் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களை அக்கா பார்த்திருப்பீர்கள். கழுத்தளவு தண்ணீரில் சேற்றைத் துழாவிக்கொண்டே போவார்கள். பறியைப் பல்லில் கடித்துப் பிடித்திருப்பார்கள், இரண்டு கையும் அடியில் இருக்கும். கை தட்டுப்பட்டது இறாலா, கல் நண்டா என்பது விரலுக்கே தெரியும். வளையின் வாயைப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்பார்கள். உங்கள் ஆய்வில் அவர்களிடமும் கேளுங்கள். நானும் அடுத்த ஆண்டு பி.எஸ்சி. விலங்கியல் முடிக்கிறேன். உங்கள் மையத்தில் எம்.எஸ்சி. சேர ஆசை.

வெள்ளாற்றுக்காரி எழுதியது:

தங்கச்சி, கட்டாயம் வா. அன்னங்கோயில் இறங்குதளத்தில் வரிசையாகக் கட்டிக்கிடக்கும் படகுகளைத் தினமும் கடந்துதான் நான் போகிறேன், அதை எழுதாமல் விட்டிருக்கக் கூடாது. நீ சொன்ன பெண்களில் ஒருவர்தான் எனக்கு ஆண் வளையையும் பெண் வளையையும் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறார். வளையை ஒட்டிக் கிடக்கும் சேற்று உருண்டைகளின் அடுக்கைப் பார்த்து அவர் சொன்னால், பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. ஆய்வேட்டில் அவருடைய பங்களிப்பு எந்த இடத்தில், எப்படி வர வேண்டும் என்பது பற்றி என் நெறியாளரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். நன்றியுரையில் ஒரு வரி போதாது என்பது என் கட்சி.

ஊட்டி வரையாடு எழுதியது:

நான் முனைவர் பட்டம் முடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. களப்பணிக்காரிதான். இழையில் எல்லாரும் கோடையைக் கொண்டாடுவது அழகாக இருக்கிறது, ஆனால் ஒரு மறுப்பையும் பதிவு செய்ய வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர்கள் கோடையில் ஊருக்குப் போகாமல் இருப்பதைப் பெருமையாக்காதீர்கள். "இவள் மே மாதத்திலும் ஆய்வகத்தில் இருக்கிறாள்" என்று ஒருவரைப் பாராட்டினால், போனவர்கள் குற்றவாளிகளாகிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு யாரும் போகத் துணிய மாட்டார்கள். பதினைந்து நாள் வீட்டில் இருந்து, அம்மா கையால் சாப்பிட்டு, மாமா பிள்ளைகளோடு மாங்காய் அடித்துவிட்டு வந்தால் ஆய்வு ஓடிப்போய்விடாது. நான் எழுதிய நல்ல அத்தியாயம் எங்கள் வீட்டுத் திண்ணையில் எழுதியது.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரையில் காற்று இருப்பதால் வெயில் தெரியாது, ஈரப்பதத்தில் வியர்வை காயாது. உடல் சூட்டை வெளியேற்ற முடியாமல் போவது அங்கேதான் எளிது. தலைசுற்றல், குமட்டல் வந்தால் அன்றைய அளவீட்டை விட்டுவிட்டு நிழலுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள் தங்கச்சி.

வெள்ளாற்றுக்காரி எழுதியது:

அக்கா, முதல் பகுதியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். போகிறவர்களைக் குறைத்துப் பேசுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் தங்குபவர்கள் எல்லாரும் வற்புறுத்தலால்தான் தங்குகிறார்கள் என்பதும் சரியில்லை. கழிமுகம் கடலாக மாறும் சில மாதங்கள் இவை. நான் கார்த்திகையில் போய் நின்றால் இந்தக் கேள்விக்கு அங்கே விடை கிடையாது.

எனக்கு லீவு கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார், நிலா. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஓதம் பெரிதாக ஏறி இறங்கும். நண்டுகளின் கல்யாணச் சீசனும் அந்தச் சுற்றோடு சேர்ந்தது. அஷ்டமியை ஒட்டி ஓதம் சிறுத்துப்போகும், ஆட்டமும் அடங்கிவிடும். அந்த நாட்களில் பு.முட்லூர் போய் பஸ் பிடித்து ஊருக்குப் போய்விடுகிறேன். எங்கள் மாரியம்மன் தீமிதி சில ஆண்டுகளில் அந்த இடைவெளியில் பொருந்தி வரும், வராத ஆண்டில் அம்மாவுக்குக் கோபம்.

வெயில் பற்றிச் சொன்னதற்கு நன்றி. இரண்டு பேராகத்தான் போகிறோம். எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர், ஓலைத் தொப்பி, முழுக்கைச் சட்டை. வழியில் நுங்கு விற்கும் தாத்தா வேறு இருக்கிறார்.

நண்டும் இதே சிக்கலோடுதான் வாழ்கிறது. அந்தப் பெரிய கொடுக்கு உடல் சூட்டை வெளியேற்றவும் உதவுகிறது என்று அமெரிக்கக் கடற்கரை இனம் ஒன்றில் கண்டிருக்கிறார்கள். நம் இனத்தில் அப்படியா என்பது திறந்த கேள்வியாக என் முன்னால் இருக்கிறது.

கேனிங் லோக்கல் எழுதியது:

கொல்கத்தாவில் படிக்கும் தமிழன். சுந்தரவனத்தில் களப்பணி, உங்கள் நண்டின் உறவினர்கள்தான் எனக்கும். முன்பு யூக்கா என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்த நண்டுகளை 2016-ல் பல பேரினங்களாகப் பிரித்தார்களே, அதற்குப் பிறகு பழைய கட்டுரைகளின் பெயர்களைப் புதிய பெயர்களோடு பொருத்துவதே எனக்கு ஒரு கோடை வேலையாகிவிட்டது.

அக்கா, உங்கள் ஓதம் ஒரு மீட்டருக்குள் முடிந்துவிடும். இங்கே பல மீட்டர் ஏறும். படகிலிருந்து பார்க்கும்போது காலையில் மரத்தின் நடுவில் இருந்த தண்ணீர் மதியம் வேருக்குக் கீழே போயிருக்கும், நடுவில் சறுக்கும் சேற்றுச் சரிவு. புலி இருப்பதால் வனத்துறை அனுமதியும் துணையும் இல்லாமல் இறங்க முடியாது. சித்திரை, வைகாசி மாலைகளில் கால்பைசாகி புயல் திடீரென்று வானத்தைக் கறுப்பாக்கும். படகோட்டி அண்ணன் வடமேற்கைப் பார்த்து முகத்தைச் சுளித்தால் எல்லாரும் கருவிகளை மூடிவிடுவோம். மழை கொட்டி முடிந்ததும் படகில் சோறும் பருப்பும் உருளைக்கிழங்குப் பொரியலும். அந்தக் குளிர்ச்சிக்காக நான் நாள் முழுவதும் வெந்தாலும் பரவாயில்லை என்று இருக்கும்.

இழந்த கொடுக்கு மறுபடி முளைத்த ஆண்களை அங்கே பார்க்கிறீர்களா?

வெள்ளாற்றுக்காரி எழுதியது:

தம்பி, பார்க்கிறேன்! நான் முதலில் சொன்ன ஆப்பிரிக்க இனத்தில்தான் அந்த அழகான ஆய்வும் நடந்தது, மொசாம்பிக்கில், 2000-ல் வெளியானது. மறுபடி முளைத்த கொடுக்கில் பல்வரிசை இல்லை, தசை குறைவு, சண்டையில் தோற்கும். ஆனால் பார்வைக்கு நீளமாகவே இருக்கிறது. எதிராளிக்கும் வித்தியாசம் தெரியவில்லை, பெண்ணுக்கும் தெரியவில்லை. எடை குறைவு என்பதால் அவர்களுக்கு வெயிலில் கை காட்டுவது எளிதாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவர்களைத் தனியாகக் குறித்துக்கொண்டு வருகிறேன். உன் பெயர்ப் பட்டியலை எனக்கு அனுப்ப முடியுமா? நான் இங்கே எடுத்த ஒளிப்பதிவைப் பதிலுக்குத் தருகிறேன்.

அரசுப்பள்ளி டீச்சர் எழுதியது:

கடலூர் மாவட்டத்து நடுநிலைப்பள்ளி ஆசிரியை. பள்ளி திறந்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்து வரலாமா? அவர்கள் நண்டைக் குழம்பில் மட்டுமே பார்த்தவர்கள்.

வெள்ளாற்றுக்காரி எழுதியது:

டீச்சர், தாராளமாக வாருங்கள். பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டிய நாளாக இருக்கட்டும். ரப்பர் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும், பழைய கான்வாஸ் ஷூ நல்லது. தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் ஆளுக்கு ஒன்று. தில்லை மரத்தைக் காட்டுவேன், ஆனால் அதன் கிளையை ஒடிக்க வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். பால் கண்ணில் பட்டால் ஆபத்து. வெண்கண்டல் இலையை நக்கிப் பார்க்கலாம், உப்புக் கரிக்கும், பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

முக்கியமானது: நண்டின் கண் மட்டத்துக்கு மேலே அசையும் எதையும் அது பறவை, எதிரி என்று எடுத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடும். நின்றுகொண்டிருந்தால் வெறும் வளைகளைத்தான் பார்க்க முடியும். எல்லாரும் தாழ உட்கார்ந்து பேசாமல் இருந்தால், சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்துவிடும். உங்கள் வகுப்பில் அடங்கி உட்காராத பிள்ளை ஒருவன் இருப்பானே, அவனை என் பக்கத்தில் உட்கார வையுங்கள், எண்ணுகிற வேலையைக் கொடுத்துவிடுகிறேன்.

தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். ஓத நேரம் பார்த்துச் சொல்கிறேன். நீங்கள் காலை பஸ்ஸில் வர வேண்டுமா, மதிய பஸ்ஸில் வர வேண்டுமா என்பது அதைப் பொறுத்தது.